ஐதாக்கியில்தான் விஷயம் இருக்கிறது: பல் நிற அடைப்புக்குப் புது மொனோமர்

ஜனவரி மாதக் காலையில் நுவரெலியாவில் ஒரு கொம்பசிட் (பல் நிற அடைப்புப் பசை) சிரிஞ்சைத் திருகிப் பாருங்கள். கண்டியில் வெண்ணெய் மாதிரி வந்த அதே பசை இங்கே முரண்டு பிடிக்கும். சூத்தைக் குழியின் மூலைக்குள் இறங்காது. கருவியோடு ஒட்டிக்கொண்டு திரும்ப வரும். பசை பழுதாகிவிட்டது என்று தூக்கி எறிபவர்களும் உண்டு. பழுது ஒன்றுமில்லை, உள்ளே இருக்கும் பிஸ்ஜிஎம்ஏ என்ற மொனோமர், அதாவது ஒன்றோடொன்று பிணைந்து ரெசினாக இறுகும் மூலக்கூறு, அப்படிப்பட்டது.

ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்ற மூலக்கூறு அது. அறுபது வருடம் கழித்தும் பல கொம்பசிட்டுகளின் முதுகெலும்பு அதுதான். மூலக்கூற்றுத் திணிவு 512. நடுவில் இரண்டு பென்சீன் வளையம், இரு ஓரத்திலும் மெதக்கிரிலேற்று (பிணையும் இரட்டைப் பிணைப்பு இதில்தான்), இடையில் இரண்டு ஐதரொட்சில் கூட்டம். அந்த ஐதரொட்சில்கள் பக்கத்து மூலக்கூறுகளோடு கைகோத்துக்கொள்வதால் 25 பாகையில் அதன் பிசுக்குமை ஏறத்தாழ 1000 பாஸ்கல் செக்கன். கித்துல் பாணி அதற்குப் பக்கத்தில் தண்ணீர். அதன் கண்ணாடி நிலைமாற்றம் (கண்ணாடிபோல் விறைத்துப்போகும் வெப்பநிலை) சைபருக்குக் கீழே 8 பாகை அளவில் இருக்கிறது. அதை நெருங்க நெருங்கப் பிசுக்குமை செங்குத்தாக ஏறும். அதனால்தான் பத்துப் பாகை வித்தியாசம் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் இவ்வளவு தெரிகிறது.

பசைக்கு வலுவூட்டும் கண்ணாடித்தூளைத் தனியாக இதற்குள் கலக்கவே முடியாது. ஆகவே ஓர் ஐதாக்கி, அதாவது கலவையை இளக்கும் மெல்லிய மொனோமர், போடுகிறார்கள். வழமையாக டெக்டிஎம்ஏ: திணிவு 286, பிசுக்குமை 0.01 பாஸ்கல் செக்கன். பிஸ்ஜிஎம்ஏ-யைவிட ஒரு லட்சம் மடங்கு மெல்லியது. கலவை இளகிவிடும். அதற்கான விலை பிறகு வாயில் தெரியும். சின்ன மூலக்கூறு என்பதால் ஒரு கிராமில் இரட்டைப் பிணைப்பு அதிகம், இறுகும்போது சுருக்கமும் அதிகம். நடுவில் எதிலீன் ஒட்சைட்டுச் சங்கிலி இருப்பதால் தண்ணீரை இழுக்கும். பிணையாமல் எஞ்சியது எளிதில் கசிந்து வெளியே வரும்.

புது மொனோமர் செய்யக் கிளம்பும் பலர் பிஸ்ஜிஎம்ஏ-க்கு மாற்றுத் தேடுகிறார்கள். அதன் மூலப்பொருளான பிஸ்பீனோல் ஏ பற்றிய பயமும் அதில் ஒரு காரணம். என் கணக்கில் முதலில் மாற்றவேண்டியது டெக்டிஎம்ஏ-வைத்தான். முதுகெலும்பையே மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்குச் சிலோரேன் என்ற கொம்பசிட் நல்ல உதாரணம். 2007-இல் சந்தைக்கு வந்தது. மெதக்கிரிலேற்றே இல்லை, வளையம் திறந்து பிணையும் ஒக்சிரேன் வேதியியல், சுருக்கம் ஒரு வீதத்துக்கும் கீழே. ஆனால் வழமையான மெதக்கிரிலேற்று ஒட்டுப்பசைகள் அதோடு பிணையவில்லை. தனக்கென்று தனி ஒட்டுப்பசை கேட்டது. பழைய அடைப்பைத் திருத்தப் போனாலும் இதே சிக்கல். கடைசியில் சந்தையை விட்டே போய்விட்டது. ஐதாக்கியை மட்டும் மாற்றினால் ஒட்டுப்பசை, விளக்கு, பல் வைத்தியரின் கைப்பழக்கம் எல்லாம் அப்படியே இருக்கும்.

அவசரமும் இருக்கிறது. பாதரசம் உள்ள அமல்கம் அடைப்பை ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2034-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு. தோட்டப்புறத்து ஆஸ்பத்திரிகளிலும் பின்பற்களைக் கொம்பசிட்டால் அடைக்கும் காலம் தூரத்தில் இல்லை.

குடுவையைத் தொடுமுன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். மெதக்கிரிலேற்று இரட்டைப் பிணைப்பு ஒரு மூல் பிணைந்தால் கனவளவு ஏறத்தாழ 22.5 கன சென்ரிமீற்றர் குறையும். பிஸ்ஜிஎம்ஏ-யில் கிராமுக்கு 3.91 மில்லிமூல் இரட்டைப் பிணைப்பு (2-ஐ 512-ஆல் வகுத்தது). டெக்டிஎம்ஏ-வில் 6.99. எடைப்படி 70-க்கு 30 கலந்தால் 4.83. ரெசினின் அடர்த்தி 1.13 என்று வைத்தால் கன சென்ரிமீற்றருக்கு 5.46 மில்லிமூல். அதில் 60 வீதம் பிணைகிறது என்றால் 3.28, அதை 22.5-ஆல் பெருக்கினால் 0.074, அதாவது ரெசின் மட்டும் 7.4 வீதம் சுருங்கும். கண்ணாடித்தூள் சுருங்காது. கனவளவில் 60 வீதம் தூள் என்றால் பசையின் சுருக்கம் 2.95 வீதம். கடையில் வாங்கும் பசைகள் பலவற்றை அளந்தால் கிட்டத்தட்ட இந்த அளவுதான் வரும்.

இப்போது டெக்டிஎம்ஏ இருந்த இடத்தில் பிஸ்-ஈஎம்ஏ என்ற மொனோமரைப் போடுங்கள், திணிவு 540. கிராமுக்கு 3.70. கலவை 3.85-க்கு இறங்கும். அதே 60 வீதம் பிணைந்தால் பசையின் சுருக்கம் 2.35. ஆகா என்று குதிக்கவேண்டாம். பிஸ்-ஈஎம்ஏ-யின் சங்கிலி வளைந்து கொடுப்பது, ஐதரொட்சில் இல்லாதது, அதனால் பிணைவு 70 வீதம் வரை ஏறலாம். ஏறினால் சுருக்கம் 2.74. கிடைத்த இலாபத்தில் பெரும்பகுதியைப் பிணைவு விழுங்கிவிடும். இதைச் சொல்லாமல் "சுருக்கம் குறைந்த புது மொனோமர்" என்று எழுதும் அறிக்கைகளில், பிணைவு வீதம் எவ்வளவு என்று முதலில் தேடுங்கள். பாதிதான் பிணைந்திருந்தால் எந்த ரெசினும் குறைவாகத்தான் சுருங்கும். அது திறமை இல்லை, வேகாத சோறு.

வேறு எவை? யூரெத்தேன் வகை மொனோமரான யுடிஎம்ஏ நல்ல பொருள், ஆனால் 20 பாஸ்கல் செக்கன் அளவில் இருப்பதால் தனியே ஐதாக்கி ஆகாது. பத்துக் காபன் நேர்ச்சங்கிலியுடைய டெக்கேன்டையோல் டைமெதக்கிரிலேற்று, திணிவு 310, மெல்லியது, தண்ணீரை வெறுப்பது. சுருக்கம் மட்டும் டெக்டிஎம்ஏ-வுக்குக் கிட்ட. அக்கிரிலமைட்டு வகைகள் நீரில் உடைவது குறைவு, ஆனால் பிணையும் வேகமும் குறைவு, தண்ணீரும் குடிக்கும். எல்லாவற்றிலும் ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்கவேண்டியிருக்கிறது.

யூரெத்தேன் வகையில் புதிதாகச் செய்யப் போகிறவர்கள், தெரிந்த யுடிஎம்ஏ-யை ஒருமுறை கையால் செய்து பழகுவது நல்லது. ஹெமா (ஐதரொட்சில் உள்ள சிறிய மெதக்கிரிலேற்று) 26.0 கிராம், டிரைமெதில் ஹெக்ஸாமெதிலீன் டைஐசோசயனேற்று 21.0 கிராம், மூல் கணக்கில் இரண்டுக்கு ஒன்று. ஹெமாவில் ஊக்கியாக டைபியூட்டைல் டின் டைலோரேற்று 0.02 கிராமும், தானாகப் பிணையாமல் காக்கும் தடுப்பானாக பிஎச்டி (BHT) 0.02 கிராமும் கரைத்து, ஐசோசயனேற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வெப்பம் தானாகவே ஏறும். 45 பாகையைத் தாண்டவிடாமல் சொட்டும் வேகத்தைக் குறையுங்கள். அகச்சிவப்பு நிறமாலையில் அலையெண் 2270-இல் உள்ள முனை மறைந்தால் ஐசோசயனேற்று முடிந்தது. எல்லாம் புகைபோக்கி அலுமாரிக்குள் மட்டும். ஐசோசயனேற்று ஆவி சுவாசத்தைக் கெடுக்கும், ஹெமா மெல்லிய லேட்டெக்ஸ் கையுறையைச் சில நிமிடத்தில் ஊடுருவித் தோலில் ஒவ்வாமை கொண்டுவரும்.

மலைநாட்டில் இந்த வேலையைக் கெடுப்பது ஈரம். மூடுபனி சன்னலால் உள்ளே வரும் இடத்தில் ஹெமா போத்தலைத் திறந்து வைத்தால் அது காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். 26 கிராம் ஹெமாவில் 0.1 கிராம் தண்ணீர் இருந்தால் என்ன என்று நினைக்கலாம். ஒரு தண்ணீர் மூலக்கூறு இரண்டு ஐசோசயனேற்றுக் கூட்டத்தைத் தின்னும். காபனீரொட்சைட்டுக் குமிழியும் யூரியாவும் வரும். 0.1 கிராம் தண்ணீர் 11 மில்லிமூல் ஐசோசயனேற்றை எடுத்துவிடும், மொத்தம் இருந்ததே 200. அதற்குச் சமமாக ஏறத்தாழ 1.45 கிராம் ஹெமா துணையில்லாமல் எஞ்சும். 2270 முனை மறைந்துதான் இருக்கும், எல்லாம் சரி என்றுதான் தோன்றும். பிறகு நீர் உறிஞ்சல் ஏன் கூடுகிறது என்று மண்டையை உடைப்பீர்கள். ஹெமாவை 3 ஆங்ஸ்ட்ரம் மூலக்கூற்றுச் சல்லடை மணிகளில் ஓரிரவு வைத்து எடுங்கள். கலவையில் வெண்மூட்டமோ சிறு குமிழிகளோ கண்டால் அந்தத் தொகுதியை விட்டுவிடுங்கள்.

இன்னொரு வழமையான விபத்து: கரைப்பானை வெற்றிடத்தில் ஆவியாக்கும்போது குடுவைக்குள்ளேயே ஜெல் ஆகிவிடுவது. மெதொட்சிபீனோல் என்ற தடுப்பான் ஒட்சிசன் இருந்தால்தான் வேலை செய்யும். வெற்றிடம் ஒட்சிசனை எடுத்துவிடுகிறது, சூட்டைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். நீர்க்குளியல் 40 பாகைக்குக் கீழே இருக்கட்டும். மெல்லிய ஊசிக் குழாயால் உலர்ந்த காற்றைக் கொஞ்சம் கசியவிடுங்கள். அலுமினாக் குழலில் தடுப்பானை நீக்கியிருந்தால் மறக்காமல் திரும்பச் சேருங்கள்.

ஒப்பீட்டுக்கு 20 கிராம் ரெசின் போதும். கட்டுப்பாட்டுக் கலவை: பிஸ்ஜிஎம்ஏ 14.0, டெக்டிஎம்ஏ 6.0. பிறகு புது ஐதாக்கி பாதியும் டெக்டிஎம்ஏ பாதியுமாக ஒன்று, முழுவதும் புதியதாக ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒளிதூண்டியாகக் கம்போர்குயினோன் 0.04 கிராம், அதற்குத் துணையாக எதில் டைமெதிலமினோபென்சோவேற்று 0.16 கிராம், பிஎச்டி 0.01 கிராம். இவ்வளவு சிறிய அளவைத் தராசில் நேரே நிறுக்கவேண்டாம். ஐதாக்கியில் பத்து மடங்கு செறிவான கரைசல் ஒன்று செய்து அதிலிருந்து எடுங்கள். பிஸ்ஜிஎம்ஏ போத்தலை 50 பாகை நீரில் அரை மணி நேரம் வைத்தால் ஊற்ற வரும். கரண்டியால் கிண்டி எடுப்பவர்கள் காற்றுக் குமிழியையும் சேர்த்து எடுக்கிறார்கள். ஒளிதூண்டி போட்ட பிறகு வெள்ளை எல்ஈடி விளக்கு கூடாது, மஞ்சள் வடிகட்டி போட்ட விளக்கு மட்டும். கம்போர்குயினோனின் உச்சம் 468 நானோமீற்றர். மஞ்சள் நிறத்தைக் குறைக்க டிபிஓ என்ற இன்னொரு ஒளிதூண்டியைச் சேர்க்கிறவர்கள், தங்கள் விளக்கு 400-க்குக் கிட்ட ஊதா ஒளியும் தருகிறதா என்று பார்க்கவேண்டும். நீல ஒளி மட்டும் தரும் விளக்குக்கு முன்னால் டிபிஓ சும்மா தூங்கும்.

தூளுக்குச் சிலேன் பூச்சு, கண்ணாடியையும் ரெசினையும் இணைப்பது அதுதான். பேரியம் கண்ணாடியின் மேற்பரப்பு கிராமுக்கு 10 சதுர மீற்றர் என்றால், 100 கிராமுக்கு 1000 சதுர மீற்றர். மெதக்கிரிலொட்சி புரொப்பைல் டிரைமெதொட்சி சிலேன் ஒரு கிராம் மூடும் பரப்பு 2525. ஆக ஒற்றைப் படைக்கு 0.4 கிராம். நடைமுறையில் இதைப்போல ஐந்து மடங்கு, 2 கிராம் போடுங்கள். முழுவதும் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளாது. எதனோல் 95, நீர் 5 கலவையை அசற்றிக் அமிலத்தால் பிஎச் 4.5-க்குக் கொண்டுவந்து, சிலேனை விட்டு ஒரு மணி நேரம் கலக்கி, பிறகு தூளைச் சேர்த்து, ஆவியாக்கி, 110 பாகையில் இரண்டு மணி நேரம் உலர்த்துங்கள். சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி: பீக்கர் தண்ணீரின் மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள். பூச்சுப் பிடித்த தூள் மிதக்கும், பிடிக்காதது மாவு மாதிரி கீழே இறங்கும். அடிக்கடி திறந்த சிலேன் போத்தல் இந்தக் காற்றில் சீக்கிரம் கலங்கிவிடும். கலங்கியதை வைத்து மினக்கெடாதீர்கள்.

எடையில் 80 வீதம் தூள் போட்டால் கனவளவில் ஏறத்தாழ 60 வீதம். புது ஐதாக்கியின் முறிவுச் சுட்டியையும் (ஒளியை வளைக்கும் அளவு) இங்கேயே பார்த்துவிடுங்கள். பிஸ்ஜிஎம்ஏ 1.55, டெக்டிஎம்ஏ 1.46, பேரியம் கண்ணாடி 1.53 அளவில். ரெசினும் கண்ணாடியும் விலகிப்போனால் ஒளி சிதறி, பசை சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகி, ஆழத்தில் இறுகாது. பிணையும்போது ரெசினின் சுட்டி இன்னும் ஏறும் என்பதால், இறுகுமுன் கொஞ்சம் தாழ்ந்து இருப்பதே சரி.

இனிச் சோதனை. அடைப்புப் பசைகளுக்கான தரநூல் ஐஎஸ்ஓ 4049 பின்பற்களின் கடிபரப்புக்குக் கேட்பது 80 மெகாபாஸ்கல் வளைவு வலிமை. 2 மில்லிமீற்றர் சதுரமும் 25 நீளமும் உள்ள குச்சி, தாங்கிகளுக்கு இடையே 20. கணக்கைப் போட்டால் 21.3 நியூட்டனில் உடையாமல் நின்றால் போதும், இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெரிய இயந்திரம் தேவையில்லை, அளவுதான் முக்கியம். உயரம் 1.9 ஆக இருந்து நீங்கள் 2.0 என்று எழுதினால் வலிமை பத்து வீதம் குறைத்துக் காட்டும். நுவரெலியா அறையில் 14 பாகையில் இறுக்கினால் பிணைவும் குறையும். தரம் கேட்பது 23 பாகை. அச்சையும் பசையையும் ஒரு பெட்டிக்குள் 23-இல் வைத்துவிட்டு இறுக்குங்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் சிரிஞ்சைத் திறக்காதீர்கள், பனித்துளி உள்ளே போகும்.

நீர் உறிஞ்சலில்தான் மலைநாட்டு ஈரம் திரும்பவும் தலைகாட்டும். 15 மில்லிமீற்றர் விட்டம், 1 தடிப்பு வட்டின் கனவளவு 176.7 கன மில்லிமீற்றர். எல்லை கன மில்லிமீற்றருக்கு 40 மைக்ரோகிராம், அதாவது வட்டுக்கு 7 மில்லிகிராம். கரைதிறன் எல்லை 7.5, வட்டுக்கு 1.3 மில்லிகிராம். உங்கள் தராசு 0.1 மில்லிகிராம் காட்டினால் அதுவே 0.57 மைக்ரோகிராம் பிழை. ஈரமான அறையில் உலர்த்திச் சிலிக்கா ஜெல் இரண்டே நாளில் களைத்துப்போகும். 130 பாகையில் 5 மணி நேரம் சூடாக்கிப் புதுப்பிக்காவிட்டால் வட்டு ஒருபோதும் நிலையான எடைக்கு வராது, நீங்களும் வாரக்கணக்கில் நிறுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

பிணைவு வீதத்தை அகச்சிவப்பில் 1637 முனைக்கும் (இரட்டைப் பிணைப்பு) 1608 முனைக்கும் உள்ள விகிதத்தால் எடுப்பது வழக்கம். 1608 பென்சீன் வளையத்தினுடையது. ஐதாக்கி மாறும்போது இந்த விகிதமும் மாறும். ஆகவே ஒவ்வொரு கலவைக்கும் இறுகாத நிலை அளவை எடுக்கவேண்டும். கட்டுப்பாட்டினுடையதை எல்லாவற்றுக்கும் போட்டால் பிழை.

தரநூல் கேட்காத இரண்டு சோதனைகளை இங்கே சேர்க்கச் சொல்வேன். முதலாவது தேயிலை. சுவை பார்ப்போர் பயன்படுத்தும் ஐஎஸ்ஓ 3103 அளவு கையில் இருக்கிறது: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம், 6 நிமிடம். வடித்து, பால் இல்லாமல். பால் போட்டால் கேசீன் தனினைப் பிடித்துக்கொள்ளும், கறை குறையும். நமக்கு வேண்டியது பிளேன்டீயின் உண்மை. வட்டுகளை 37 பாகையில் அதில் வைத்து, நாளுக்கொருமுறை மாற்றுங்கள். ஆறிய தேநீரில் படியும் ஆடையை வட்டின் மேல் காய விடாதீர்கள், அது ரெசினின் கறை அல்ல. முக்கியம், வட்டை மெருகேற்றிய பிறகு வையுங்கள். மைலார் தாளின் கீழ் இறுகிய பளபளப்பான மேற்பரப்பில் ரெசின் மட்டும் திரண்டு நிற்கும், அதிகமாகக் கறைபிடிக்கும். நிறமானியில் சிஐஈடிஈ 2000 நிற வேறுபாடு 0.8-ஐத் தொட்டால் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும், 1.8-ஐத் தாண்டினால் ஆட்கள் ஏற்கமாட்டார்கள். டெக்டிஎம்ஏ கூடிய கலவை இதில் முதலில் தோற்கும்.

இரண்டாவது வெற்றிலை, அதாவது அதில் வைக்கும் சுண்ணாம்பு. தோட்டங்களில் காலையிலிருந்து வெற்றிலை போடும் வாய்கள் நிறைய. நீற்றிய சுண்ணாம்பின் நிரம்பிய கரைசல் பிஎச் 12-ஐத் தாண்டும். வாயில் உமிழ்நீர் அதைக் கொஞ்சம் தணிக்கும், கடைவாயில் ஒதுக்கி வைக்கும் இடத்தில் அவ்வளவு தணியாது. காரம் மெதக்கிரிலேற்று எஸ்டர்களையும் உடைக்கும், சிலேனுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள பிணைப்பையும் அவிழ்க்கும். புது ஐதாக்கி எவ்வளவுதான் தண்ணீரை வெறுத்தாலும் சிலேன் பூச்சு மோசமாக இருந்தால் இங்கே அம்பலப்படும்.

செய்முறை எளிது. மூடிய போத்தலில் சுண்ணாம்பு நீர், அடியில் கரையாத சுண்ணாம்பு மிச்சம் இருக்கவேண்டும். மூடி இறுக்கம் இல்லாவிட்டால் காற்றின் காபனீரொட்சைட்டைப் பிடித்துப் பால் மாதிரி கலங்கி பிஎச் இறங்கும், சோதனை வீண். 37 பாகையில் 30 நாள், பக்கத்தில் அதே தொகுதிக் குச்சிகள் வெறும் நீரில். இரண்டையும் உடைத்து வலிமையை ஒப்பிடுங்கள், உடைந்த முகத்தை இலத்திரன் நுண்ணுக்குக்காட்டியில் பாருங்கள். தூள் துணிக்கைகளின் மேல் ரெசின் ஒட்டியிருந்தால் இடைமுகம் தாக்குப்பிடித்திருக்கிறது, ஐதாக்கியைத்தான் சந்தேகிக்கவேண்டும். துணிக்கைகள் கழுவியதுபோல மொட்டையாக நின்றால் மொனோமரைக் குறைசொல்லாமல் சிலேன் போத்தலுக்குத் திரும்பிப் போங்கள்.